சிரிப்பு: தொல்காப்பியர் முதல் ஃபிராய்டு வரை

"ஏதாவது ஜோக் எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள் மலர்க் குழுவினர். ஜோக் எழுத எனக்கு வராது. பாடம் நடத்தியே பழகியவன்; ஆகவே ஜோக்கின் வரலாற்றை எழுதுகிறேன். தூக்கம் வந்தால் நான் பொறுப்பல்ல!

இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நகைச்சுவைத் துணுக்குத் தொகுப்பு, கிரேக்க மொழியிலுள்ள 'ஃபிலோகெலோஸ்'. கி.பி. 4 அல்லது 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். சுமார் 265 துணுக்குகள். அதிகம் அடிபடுபவர் யார் தெரியுமோ? படித்த முட்டாள்! அதாவது நம்ம ஆளுங்கதான். ஒருவன் வீட்டை விற்கக் கிளம்பியவன், மாதிரி காட்ட ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்துப் போனானாம். இன்னொருவன், தூங்கும்போது தன் முகம் எப்படியிருக்கும் என்று பார்க்கக் கண்ணாடி முன் கண்ணை மூடிக்கொண்டு நின்றானாம்.

இதற்கு ஏன் சிரிப்பு வருகிறது? 'அவனைவிட நான் மேல்' என்று திடீரென எழும் பெருமிதமே சிரிப்பு என்றார் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஹாப்ஸ். ஏறிக்கொண்டே போன எதிர்பார்ப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் போவதே காரணம் என்றார் ஜெர்மானியர் கான்ட், 1790-இல். மனத்தில் அடக்கி வைத்தது ஜோக் வேஷம் போட்டு வெளியே வருகிறது என்றார் ஃபிராய்டு, 1905-இல்.

நம் தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு காரணம் சொல்லிவிட்டார். உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டுத் தான் சிரிப்பது மற்றொன்று.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். விடுதி மெஸ்ஸில், கிராமத்திலிருந்து வந்த ஒரு நண்பனின் ஆங்கிலத்தை நான் தினமும் நடித்துக் காட்டுவேன். மெஸ்ஸே அதிரும். அவனும் சிரிப்பான். "அவனே சிரிக்கிறான், அப்புறம் என்னடா?" என்போம். அவன் சிரித்தது இரண்டாவது சிரிப்பு என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. நம் சந்திப்பு எதற்கும் அவன் வந்ததில்லை.

நண்பா, இந்த மலர் உன் கைக்கு வந்தால், அடுத்த முறை அவசியம் வா. ஜோக் நீ சொல்லு. படித்த முட்டாள் ஒருவனைப் பற்றிச் சொல்லு. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.