எண் முன்னே, ஏவல் பின்னே

சில மாதங்களுக்கு முன் முதுகலை மாணவர் சிலருடன் அமர்ந்து, டெல்டாவின் சிற்றூர்க் கோயில் ஒன்றின் கல்வெட்டில் காணும் நெல்லளவுகளைக் கூட்டிப்பார்க்க முயன்றோம். கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி என்று போகும் அளவுகள். பத்துப் பத்தாக ஏறும் எண்ணுக்குப் பழகிய நமக்கு அது கடினமாகவே இருந்தது. கைக்கணிப்பானில் அடைப்புக்குறி இட்டு இட்டுச் சலித்த வேளையில், கணினித் துறையிலிருந்து தமிழுக்கு வந்த மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியைத் திறந்து, கருந்திரையில் 'டிசி' என்று தட்டினார்.

பொத்தான், படம் ஏதுமற்ற நிரல் அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மாரிஸ், லொரிண்டா செர்ரி என்னும் இருவர் ஆக்கியது. 1971இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற்பதிப்புக் கையேட்டிலேயே இடம்பெற்ற பழம்பொருள், இன்றும் வழக்கொழியவில்லை. இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமாயின் இதில் '2 + 3' என்று எழுதக்கூடாது. '2 3 +' என்று எழுத வேண்டும். எண்களை அது மூட்டைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கிறது. கூட்டற்குறி வந்ததும் மேலிரண்டு மூட்டைகளை இறக்கி, கூட்டி, விடையை அதே இடத்தில் ஏற்றிவிடுகிறது. விடையைக் காண ஓரெழுத்துக் கட்டளை ஒன்று தனியே உண்டு. (நம் வீட்டுப் பத்தாயத்தை இதற்கு உவமை சொல்ல முடியாது. அதில் மேலே கொட்டி, அடியிலுள்ள வாய் வழியே எடுப்பார்கள். இங்கோ கடைசியில் ஏற்றியதே முதலில் இறங்கும்.)

இம்முறையைத் தலைகீழ்ப் போலந்து முறை என்பர். 1920களில் போலந்து நாட்டுத் தருக்க அறிஞர் யான் வுகசேவிச் குறிகளை எண்களுக்கு முன்னே வைத்து எழுதும் முறையைக் கண்டார். அதைப் பின்னுக்குத் தள்ளியதால் இப்பெயர். 1972இல் எச்பி நிறுவனம் வெளியிட்ட சட்டைப்பைக் கணிப்பானும் இவ்வழியே இயங்கியது. மேலைநாட்டு மாணவர்க்கு இது விசித்திரமாகத் தோன்றுமாம். நம் மாணவர்களுக்கு அரை மணியில் பழகிவிட்டது. காரணம் எளிது. 'இரண்டையும் மூன்றையும் கூட்டு' என்பதுதானே தமிழ்? வினை கடைசியில் நிற்கும் மொழி நம்முடையது. எண் முன்னே, ஏவல் பின்னே.

இதைக் கண்டதும் நமக்குக் கணக்கதிகாரம் நினைவுக்கு வந்தது. சோழநாட்டுக் கொறுக்கையூர்க் காரிநாயனார் செய்யுளில் யாத்த நூல். தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகம் இதைப் பதிப்பித்துள்ளது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையெண்ணிக்கை அறிய அதில் ஒரு வழி உண்டு: காம்பருகில் உள்ள முள்ளை எண்ணுக; ஆறால் பெருக்குக; ஐந்தால் வகுக்குக. ஐம்பது முள் என்று கொண்டால் '50 6 * 5 /' என்று தட்ட, அறுபது என்று வருகிறது. செய்யுளின் வரிசையும் விசைகளின் வரிசையும் ஒன்றே. வகுத்தலை அந்நூல் 'ஈதல்' என்கிறது. ஐந்துபேர்க்கு ஈந்தால் ஒருவர்க்கு வருவது எவ்வளவு என்பது பொருள். பழத்தை அறுத்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவருமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நம்மிடம் விடையில்லை. நமக்கு வேண்டியது முறைதான்.

நெல்லளவிலும் அப்படியே. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம். ஏழு கலமே ஐங்குறுணி முந்நாழி என்பது எத்தனை நாழி? '7 12 * 5 + 8 * 3 +' என்று தட்டினால் 715. அடைப்புக்குறி ஒன்றும் வேண்டியதில்லை. கல்லில் படிக்கும் வரிசையிலேயே தட்டிக்கொண்டு போகலாம். திரும்பவும் கலமாக்க, ஈவையும் மீதியையும் சேர்த்தே தரும் குறி ஒன்று இன்றைய டிசியில் உண்டு. எட்டால் வகுக்க 89 குறுணி, மீதி 3 நாழி. 89ஐப் பன்னிரண்டால் வகுக்க 7 கலம், மீதி 5 குறுணி.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தானாக விட்டால் டிசி பின்னத்தை வைத்துக்கொள்வதில்லை. வகுத்தலில் புள்ளிக்குப் பின்வருவதை வெட்டி எறிந்துவிடும். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரருக்கு விளைச்சலில் குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு என்று வகுத்தது. விளைச்சல் 47 கலம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டை ஐந்தால் வகுத்து, பிறகு 47ஆல் பெருக்கினால் குடியானவனுக்குப் பூச்சியம்! 47ஐ இரண்டால் பெருக்கி, பின் ஐந்தால் வகுத்தால் 18 கலம். கலத்தை முதலிலேயே நாழியாக்கிக்கொண்டு செய்தால் 18 கலமே ஒன்பது குறுணி நான்கு நாழி. மூன்றும் ஒரே கணக்கு. வரிசையும் அளவும்தான் வேறு. காரிநாயனார் ஆறால் பெருக்கிய பிறகே ஐந்துக்கு ஈந்ததன் அருமை அப்போதுதான் நமக்கு விளங்கியது.

ஒன்பது குறுணி அற்பமா? தஞ்சை மண்ணில் அளவு அற்பமாக இருந்ததேயில்லை. நெற்கூலியில் அரைப்படி உயர்வு கேட்டுத் தொடங்கிய பூசல், 1968 டிசம்பர் 25 இரவு அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் எரித்ததில் முடிந்தது. களத்தில் மரக்கால் பிடித்தவர் ஒருவர். எண்ணிக்கை சொல்லி எழுதியவர் ஒருவர். கூலிக்கு நின்றவர் வேறொருவர். அந்த மூன்றாமவர்க்குக் கணக்கின் முடிவு மட்டுமே தெரிந்தது.

கணக்கின் வழி மறைந்துபோவதைப் பற்றிப் பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தீ எழுதியிருக்கிறார். 1768–69இல் புதுச்சேரியில் தங்கிய அவர், தமிழ்ச் சோதிடர்கள் எழுதுகோல் இன்றிச் சோழிகளைத் தரையில் பரப்பிக் கிரகணம் கணிப்பதை வியந்தார். அவருடைய குறை ஒன்றுதான்: முன்னேற முன்னேறப் பழைய எண் அழிந்துவிடுகிறது, பிழை நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1825இல் வாரன் என்பாரும் அவ்வாறே சோழியும் மனப்பாடமும் கொண்டு கணித்த ஒருவரைப் பற்றி எழுதினார். அக்கணிப்பில் கிரகணத் தொடக்கம் 4 நிமிடமும் நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகியதாகப் பிற்கால ஆய்வாளர் நாய்கபவர் குறித்தார். டிசியின் அடுக்கும் அந்தச் சோழித் தரைதான்: கூட்டிய இரு எண்களும் போய்விடும், விடை மட்டும் நிற்கும்.

இதற்கு நேர்மாறானது பெரிய கோயில் கல்வெட்டு. ராஜராஜன் (985–1014) கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தை முதலில் அளந்தபடி சொல்லி, ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு எனக் கழிக்க வேண்டியதைச் சொல்லி, நீக்கி, எஞ்சிய நிலத்தைச் சொல்லி, அதற்குரிய நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் இவ்வளவு என்று சொல்கிறது. இங்கும் எண் முன்னே, நீக்கல் பின்னே. ஆயினும் இடைப்பட்ட எண் எதுவும் அழிவதில்லை. கீழ்முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்றின் முந்நூற்றிருபதில் ஒன்று, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இறங்கி, வேலியின் 5242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை தஞ்சைக் கல்வெட்டுகளில் கணக்கிட்டிருப்பதாக ஆய்வாளர் காட்டுவர். '320 3 ^ 1600 *' என்று தட்டினால் அவ்வெண் பிசகாமல் வருகிறது. ஒரு சதுர அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த அந்நிலத்தில் ஒரு நெல்மணியை வைக்க இடமில்லை. எவரும் அதை உழப்போவதில்லை; கழித்தது சரியா என்று பின்வருவோர் பார்க்கவே அது வேண்டும்.

நம் கூட்டலுக்கு வருவோம். முதல்நாள் வந்த மொத்தம் கல்லில் உள்ள மொத்தத்தோடு ஒத்துவரவில்லை. எங்கே பிசகியது என்று பார்க்க வழியில்லை. அடுக்கில் கடைசி எண் மட்டும் நின்றது. கல்வெட்டுப் படித்தவர் தவறினார் என்று எழுதிவிடலாமா என்று கூட நினைத்தோம். மறுநாள் அம்மாணவர் எல்லாக் கட்டளைகளையும் ஒரு கோப்பில் வரிக்கு ஓர் அளவாக எழுதி, கோப்பையே டிசிக்குக் கொடுத்தார். வேறொரு மாணவி அதைக் கல்வெட்டு வாசகத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டு வந்தார். மூன்றாம் வரியில் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்து இருந்தது. தட்டியவர் நாமே.