ரத்தம் உறைவது எப்படி? ஜெல் உருவாகும் தருணத்தைக் காட்டும் மைக்ரோஸ்கோப்கள்!

காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டால் என்ன செய்வோம்? கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்போம். சில நிமிடங்களில் ரத்தம் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருந்த ரத்தம் அந்த இடத்தில் மட்டும் கெட்டியாகிவிட்டது. அறிவியல்படி சொன்னால், அங்கே ஒரு 'ஜெல்' உருவாகியிருக்கிறது.

இதே ஜெல் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம். உயிரைக் காப்பதும் அதுதான், பறிப்பதும் அதுதான். அதனால்தான் இந்த ஜெல் எப்படி உருவாகிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் அதிநுண் மைக்ரோஸ்கோப்களில் கவனித்து வருகிறார்கள்.

ஜெல் என்றால் என்ன?

கெட்டித் தயிர், ஜெல்லி, தலைக்குத் தடவும் ஜெல் எல்லாமே இந்த வகைதான். இவற்றில் பெரும்பகுதி தண்ணீர். ஆனாலும் ஓடாது. காரணம், உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை இருக்கிறது. அதுதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. தயிரில் அந்த வலையைப் பின்னுவது பாலில் உள்ள கேசின் என்ற புரதம்.

ரத்தத்தில் வலை பின்னுவது யார்?

ஃபைப்ரினோஜன் என்ற புரதம். 1 லிட்டர் பிளாஸ்மாவில் இது சுமார் 2 முதல் 4 கிராம் வரைதான் இருக்கும். காயம் பட்டதும் த்ராம்பின் என்ற என்சைம் களமிறங்கி, ஃபைப்ரினோஜனின் சிறு துண்டுகளை வெட்டிவிடும். இப்போது அதன் பெயர் ஃபைப்ரின். ஒட்டும் தன்மை வந்துவிடுவதால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நூலாகும். நூல்கள் சேர்ந்து இழையாகும். இழைகள் கிளைவிட்டு வலையாகும். ரத்த அணுக்கள் அந்த வலையில் சிக்கிக்கொள்ளும். இதுதான் ரத்தக் கட்டி.

சாதாரண மைக்ரோஸ்கோப் போதாதா?

போதாது. ஒரு ஃபைப்ரினோஜன் மூலக்கூறின் நீளம் சுமார் 45 நானோமீட்டர். ஃபைப்ரின் இழையின் தடிமன் 100 நானோமீட்டர் அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர்! ஒளியைப் பயன்படுத்தும் சாதாரண மைக்ரோஸ்கோப்பில், சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருட்கள் ஒன்றாகவே தெரியும். ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் அபே இந்த எல்லையை 1873-லேயே சொல்லிவிட்டார்.

எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் இழைகள் தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்கு வழக்கமாகக் கட்டியை உலர்த்தி, உலோகப் பூச்சு கொடுக்க வேண்டும். கோலம் போட்டு முடித்த பிறகு எடுத்த போட்டோ மாதிரிதான் அது. முதல் இழை எங்கே தொடங்கியது என்று அதில் தெரியாது.

இப்போது எப்படிப் பார்க்கிறார்கள்?

கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் இதற்குக் கைகொடுக்கிறது. ஃபைப்ரினோஜனில் ஒளிரும் சாயத்தை இணைத்து, லேசர் மூலம் அடுக்கு அடுக்காகப் படம் எடுப்பார்கள். கட்டியை உலர்த்த வேண்டியதில்லை. வலை வளர்வதை முப்பரிமாணத்தில், நடக்கும்போதே பார்க்கலாம்.

200 நானோமீட்டர் எல்லையையே தாண்டும் 'சூப்பர் ரெசல்யூஷன்' மைக்ரோஸ்கோப்களும் வந்துவிட்டன. இதற்காக எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகிய மூவருக்கும் 2014-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அணுவிசை மைக்ரோஸ்கோப் இன்னொரு வகை. இதன் நுண்ணிய ஊசிமுனையால் ஒரே ஒரு இழையைப் பிடித்து இழுத்தே பார்க்கலாம். 2006-ல் வெளியான ஆய்வில், ஃபைப்ரின் இழையை இரு மடங்குக்கும் மேல் இழுத்துவிட்டாலும் ரப்பர் பேண்ட் போலத் திரும்பியது தெரியவந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கட்டியின் மேல் ஃபைப்ரினாலேயே ஆன மெல்லிய படலம் போர்த்தியிருப்பதை 2018-ல் காட்டினார்கள். கிருமிகள் உள்ளே நுழையாமல் அது தடுக்கிறது.

நோயாளிக்கு இதனால் என்ன பயன்?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. புரதம் ஒன்றுதான், ஆனால் வலை ஒரே மாதிரி அமைவதில்லை. த்ராம்பின் அதிகமாக இருந்தால் மெல்லிய இழைகள் நெருக்கமாகப் பின்னிக்கொள்ளும். குறைவாக இருந்தால் தடித்த இழைகளுடன் ஓட்டை பெரிதான வலை உருவாகும்.

ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு அமைவது இந்த இரண்டாவது வகை வலை. எளிதில் கரைந்துவிடும் என்பதால் ரத்தக்கசிவு நிற்காது. மாரடைப்பு வந்தவர்கள் பலரிடம் காணப்பட்டதோ நெருக்கமான வலை. அது கரைய அதிக நேரம் எடுக்கும்.

கட்டியைக் கரைக்க டாக்டர்கள் போடும் ஊசி மருந்தின் விளைவாக வெட்டப்படுவது இந்த ஃபைப்ரின் இழைகள்தான். வலையின் அமைப்பு புரியப் புரிய, யாருக்கு எந்த மருந்து பலன் தரும் என்று கணிப்பது எளிதாகும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில், இந்த ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை திடீரென பலமிழப்பது, பேச்சு குழறுவது ஆகியவை அறிகுறிகள். 'கொஞ்சம் படுத்தா சரியாயிடும்' என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.