தலையிலிருந்து உதிர்ந்த சொல்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பேருந்தில் சில்லறைக்கோ சன்னலோர இருக்கைக்கோ சண்டை மூண்டால் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். எத்தனையோ சொல் பறந்தாலும் பேசாதிருக்கும் கூட்டம், ஒரு சொல் விழுந்த மாத்திரத்தில் திரும்பிப் பார்க்கும். 'பொம்பளைங்க இருக்குற எடத்துல என்னப்பா பேச்சு இது? வையாத' என்று பின்னிருக்கைப் பெரியவர் அதட்டுவார். அதட்டலோடு அவர் நமக்கு இரண்டு திறவுகோல்களையும் தந்துவிடுகிறார்: ஒன்று 'வை', மற்றொன்று 'இடம்'.

முதலில் 'வை'. வைத்தான் என்றால் எதையோ ஓரிடத்தில் இருத்தினான். அதிலுள்ள ஒரு தகர ஒற்று உதிர்ந்து வைதான் என்று நின்றால், ஒருவனை இருந்த இடத்திலிருந்து இறக்கினான். எதிர்காலத்தில் முன்னது வைப்பான், பின்னது வைவான். ஓர் ஒற்றெழுத்தின் அழுத்தத்தில் பொருள் இப்படிப் புரளுவதை நாவால் சொல்லிப் பார்த்தால்தான் சுவை. நம் பக்கத்துப் பேச்சில் வைதான் 'வஞ்சான்' ஆகிறான். செய்தான் செஞ்சான் ஆன அதே தடம் இது, வஞ்சத்தோடு இதற்கு உறவில்லை. கன்னடத்தில் நம் 'வேர்' பேரு எனவும் 'வா' பா எனவும் உதடழுந்தி ஒலிப்பதுபோல நம் 'வை' அங்கே 'பை' ஆகிறது. பொருள் அதே ஏச்சுதான். எல்லை கடந்தும் மாறாத பழைய பகை!

வசவும் வசையும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. ஆனால் வள்ளுவர் கையாண்ட வசையில் கூச்சல் இல்லை. புகழ் அதிகாரத்தில் அவர் அதை 'இசை'க்கு எதிரில் நிறுத்துகிறார்: வாழ்ந்து முடித்தவனின் பின்னே புகழ் எஞ்சாவிட்டால் எஞ்சுவது வசை. எதுகையில் இணைந்து பொருளில் முரணும் இரட்டைச் சொற்கள் அவை. ஊர் ஒருவனுக்குத் தரும் பழியாக இருந்த அந்தச் சொல், பிற்காலத்தில் ஒருவன் இன்னொருவன்மேல் எறியும் பாட்டாகி, காளமேகப் புலவரின் கையில் வசைகவி என்றே பெயர் பெற்றது. பள்ளுப் பாட்டுகளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் மாறி மாறி ஏசிக்கொள்ளும் 'ஏசல்' கேட்பவரைச் சிரிக்க வைக்கும் உறுப்பாகவே அமைந்தது.

களத்துமேட்டிலிருந்து வந்த சொல்லும் ஒன்றுண்டு: தூற்றுதல். காற்று வாகு பார்த்து முறத்திலிருந்து தானியத்தைச் சரியவிட்டால் மணி காலடியில் விழும், பதர் பறக்கும், அது தூற்றல். ஒருவனைப் பற்றிய பழியை ஊர்க்காற்றில் பறக்கவிடுவதும் தூற்றல்தான். வயிறெரிந்தவர் மண்ணை வாரி இறைத்துச் சபிப்பதும் அதே சொல்தான். மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டு வானத்தைப் பார்த்திருக்கும் நாட்டில், 'நீ பாழாப் போவ' என்ற சாபத்தின் எடை உழுதவருக்குத்தான் தெரியும். பாழ் என்பது விளையாத வெறுமை. 'வெளங்காதவன்' என்பதோ ஒளியின் மறுப்பு. விளங்குதல் என்றால் ஒளிர்தல் அல்லவா? ஆனால் அப்பாயி, பேரனை 'எடுபட்ட பயலே, சோறு ஆறுது வாடா' என்று கூப்பிடும்போது அந்தச் சாவுச் சொல்லில் பால் சுரக்கிறது. மாமன் மச்சான் முறையில் கொஞ்சலாகும் சொல், முறையில்லாதவர் வாயில் அரிவாளை எடுக்க வைக்கும்.

ஆக, நஞ்சு சொல்லில் இருக்கிறதா, சொல்லும் இடத்தில் இருக்கிறதா? இதற்கு விடை சொல்ல, பேருந்தில் விழுந்த அந்தச் சொல்லையே எடுப்போம்: மயிர். உயிர் உசிராகவும் உயரம் ஒசரமாகவும் ஆனதுபோல யகரம் சகரமாகி 'மசுரு' எனத் தெருவில் திரிவது இதுவே. வள்ளுவர் இதை மானம் என்னும் ஒரே அதிகாரத்தில் இரண்டு குறள்களில் ஆள்கிறார். ஒன்றில், அது நீங்கினால் உயிர் வாழாத கவரிமாவைச் சொல்லி மானத்தின் உச்சிக்கு அதை உவமையாக்குகிறார். மற்றொன்றில், தம் நிலையிலிருந்து தாழ்ந்தவரைத் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்கு ஒப்பிடுகிறார். தலையில் இருந்தால் அழகு, தரையில் கிடந்தால் குப்பை. பொருள் ஒன்றே, இடம்தான் வேறு. அந்தச் சொல்லின் பிற்கால வரலாறும் அதுவாகவே முடிந்தது! ஒன்றுக்கும் உதவாதது என்ற பொருள் தடித்துத் தடித்து அது வசையாக, அதன் ஆசனத்தில் 'முடி' ஏறியது. முடி முதலில் முடிச்சு, பிறகு முடிந்த கூந்தல், வேந்தனின் மகுடமும் அதுவே. குலசாமிக்கு நேர்ந்துகொண்டவர் இன்று 'முடி இறக்கு'கிறார். ஆயினும் விபத்தில் பிழைத்தவர் 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று நாளேடு அச்சிடும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

தொல்காப்பியம் இத்தகைய சொல்லுக்கு இட்ட பெயர் 'அவையல்கிளவி': அவைக்கு அல்லாத சொல், மறைத்துச் சொல்ல வேண்டியது. நன்னூலார் இதை இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில் வைத்தார். அவையல்கிளவி என்ற பெயரில் பழி சொல்லின்மேல் இல்லை, அவையின்மேல் நிற்கிறது; 'கெட்ட வார்த்தை' என்னும் இன்றைய பெயரோ சொல்லையே கெட்டதாக்கிவிடுகிறது. கொள்ளிடக் கரையில், ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து 1732இல் சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர், பேச்சுத் தமிழுக்குத் தனி இலக்கணமே எழுதினார். அந்தப் பேச்சுக்கு வழங்கிய பெயர் கொடுந்தமிழ். அங்கும் 'கொடு' என்பது கொடுமையன்று, வளைவு.

அவையில் ஆகாதென்றால் மனிதர் வைவானேன்? வலிக்கிறது, அதனால்தான். மண்வெட்டி காலில் பட்டவன் அகராதி புரட்டுவதில்லை. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் 2009இல் நடந்த ஆய்வில், பனிக்குளிர் நீரில் கை வைத்தவர்கள் வைதுகொண்டிருந்தபோது கூடுதல் நேரம் தாங்கினார்கள். கரம்பைக் காட்டில் தனியே நின்று வைபவனுக்குக் கேட்பவர் இல்லை, அவையும் இல்லை; அவன் சொல்வது மருந்து.

சட்டமும் தொல்காப்பியர் வழியே நடக்கிறது. முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(ஆ) பிரிவைப் போலவே, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவும் ஆபாசச் சொல்லைப் பொது இடத்தில், பிறர் மனம் வெறுக்கச் சொல்வதையே குற்றமாக்குகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், பட்டியல் மக்களைச் சாதிப் பெயரால் ஏசுவது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நிகழ்ந்ததா என்று கேட்கிறது. சான்றிதழில் வெறும் பெயராய் இருப்பது, ஒருவரைத் தாழ்த்தும் வாயில் கல்லாகிறது. அவ்வாறே, ஆண்கள் இருவரின் சண்டையில் அங்கே இல்லாத தாயும் தமக்கையும் இழுபடுகிறார்கள். யார் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று சமூகம் போட்ட கோட்டைத்தான் வசை ஒவ்வொரு முறையும் அழுத்தி வரைகிறது.

ஆகவே பேருந்துப் பெரியவரை நான் இலக்கணப் புலவராகவே கொள்கிறேன். அந்தச் சொல் மொழியிலேயே இருக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. 'எடத்துல' என்றார், அவ்வளவுதான். எந்த நூற்பாவையும் அறியாமலே பேருந்தை அவையாக்கிவிட்டார்.