ஒரு மலரின் பெயர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளிலும் நிழல் படர்ந்த ஈரப் பாறைகளிலும் எளிய செடியொன்று வளர்கிறது. அதன் தண்டு மென்மையானது, சாறு நிறைந்தது. நடுநரம்பின் ஒரு புறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இலை கோணலாக அமைந்திருக்கும், வாயிலிட்டால் புளிக்கும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியே மலர்கின்றன. இவ்வினச் செடிகளில் பொதுவாகப் பெண் பூவில் மகரந்தமும் இல்லை, தேனும் இல்லை. ஆயினும் அதன் மஞ்சள் நிறச் சூல்முடிகள் ஆண் பூவின் மகரந்தத் தாள்களை ஒத்திருப்பதால், தேனீக்கள் ஏமாந்து அங்கும் வந்து செல்கின்றன. பின்னர் சிறகுடைய காய் உலர்ந்து வெடிக்க, தூசி போன்ற விதைகள் காற்றில் பரவுகின்றன.

தாவர நூலார் இச்செடியைப் 'பிகோனியா மலபாரிகா' என்பர். பெயரின் பிற்பகுதி மலபாரைக் குறிக்கிறது. முற்பகுதியோ ஒரு பிரெஞ்சு அதிகாரியின் பெயர். அவர் இம்மலைகளைக் கண்டதே இல்லை. அப்படியிருக்க அவர் பெயர் இங்கு வந்தது எவ்வாறு?

பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையில் சார்லஸ் புளூமியே (1646–1704) என்னும் துறவி இருந்தார். இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் விலக்கும் கடுந்தவச் சபை அது. புளூமியே 1689 முதல் மூன்று முறை மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, அந்நாட்டுச் செடிகளை ஆயிரக்கணக்கில் வரைந்தார். அங்குக் கண்ட புதிய செடியினம் ஒன்றுக்கு, தம் பயணத்திற்குத் துணைநின்ற மிஷேல் பேகோனின் பெயரைச் சூட்டினார். 1753இல் லின்னேயஸ் அப்பெயரை ஏற்றதால், உலகெங்கும் உள்ள இவ்வினச் செடிகள் யாவும் பிகோனியா ஆயின. இன்று அவ்வினத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. நம் கல்லறைத் தோட்டங்களில் பூக்கும் ஈழத்தலரிக்கும் 'புளூமேரியா' என்று புளூமியேயின் பெயரே வழங்குகிறது.

பேகோன் கல்வியை நேசித்தவர். நூல்களையும் அரும்பொருள்களையும் ஆர்வத்துடன் சேர்த்தவர். அவரே 1682 முதல் 1685 வரை பிரெஞ்சுத் தீவுகளின் நிர்வாகி. அடிமைகளைப் பற்றிய சட்டத்திற்காக, 1683இல் ஆளுநர் பிளெனாக்குடன் இணைந்து அரசருக்கு அறிக்கை எழுதி அனுப்பியவரும் அவரே. அதன் வழியே 1685இல் பதினான்காம் லூயி 'கறுப்புச் சட்டம்' எனப்படும் ஆணையைப் பிறப்பித்தார். அடிமைகள் அனைவரும் திருமுழுக்குப் பெற வேண்டும், ஞாயிறன்று ஓய்வு பெற வேண்டும் என்று விதித்த அதே ஆணை, அவர்களை அசையும் சொத்தாகவும் கணக்கிட்டது. தப்பியோடி ஒரு மாதம் மறைந்திருந்தவனின் காதுகளை அறுத்து, தோளில் லீலி மலர் முத்திரையைச் சூட்டுக்கோலால் இடுமாறு பணித்தது. அதிகாரிக்கு ஒரு மலர் பெயராயிற்று. அடிமைக்கோ ஒரு மலர் தழும்பாயிற்று. பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை முற்றாக ஒழிய 1848ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருமுழுக்குத் தந்த உரிமையைச் சட்டமே பறித்ததை நாம் வேதனையோடு நினைவுகூர வேண்டும்.

புளூமியே தம் ஆதரவாளருக்கு நன்றி செலுத்தினார். அதை நாம் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நன்றியின் பெயர் நிலைத்தது. தீவு மக்கள் அச்செடியை அழைத்த பெயர் அவருடைய இனப்பெயரில் இடம்பெறவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் மலபாரில் வேறொரு முறை கையாளப்பட்டது. டச்சுக் கும்பனியின் ஆளுநர் வான் ரீடு வெளியிட்ட 'ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரு தொகுதிகளாக வந்தது. அப்பணியின் தொடக்கத்தில் துணைநின்றவர் கார்மேல் சபைத் துறவி மத்தேயு. செடிகளின் பெயரையும் பயனையும் கூறியவர் ஈழவ குலத்து வைத்தியர் இட்டி அச்சுதன். அவரது சான்றுரை அவருடைய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியுள்ளது. ரீடும் வாணிக ஆதிக்கத்தின் அலுவலரே. ஆயினும் செடிகளை மலையாளப் பெயராலேயே குறித்தார். நாம் தொடக்கத்தில் கண்ட செடிக்கு அந்நூல் தரும் பெயரில் 'சிறிய', 'புளி' என்னும் பொருளுடைய சொற்கள் உள்ளன. சுவைத்தறிந்தோர் இட்ட பெயர் அது. 1785இல் லமார்க் அதற்குப் 'பிகோனியா மலபாரிகா' என்று பெயரிட்டபோது அச்சொற்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

உயிரினங்களுக்குப் பெயரிடும் பணியை இறைவன் ஆதாமிடம் ஒப்படைத்ததைத் தொடக்க நூலில் காண்கிறோம். பெயரிடுவது உரிமை மட்டுமன்று, பொறுப்பும் ஆகும். அறிவியல் சூட்டிய பெயரை நாம் மாற்றப் போவதில்லை. எனினும் வீட்டு வாயிலில் தொட்டிப் பிகோனியாவுக்கு நீர் வார்க்கும்போது, அப்பெயருக்குரியவரோடு, பெயரறியப்படாமல் மாண்ட அந்தத் தீவு மக்களையும் இட்டி அச்சுதனையும் ஒருசேர எண்ணுவோம். மறக்கப்பட்டவர்களை நினைவில் வைப்பதும் ஒரு செபமே.