கர்ப்பம் முதல் 2 வயது வரை: பாட்டி வைத்தியத்தில் எதைத் தொடரலாம், எதை நிறுத்தணும்?

பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைப்பது, வயிறு உப்பினால் வசம்பு உரசி ஊட்டுவது, தொப்புளில் மஞ்சள் பூசுவது... தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் விஷயங்கள் இவை. 'எல்லாம் இயற்கையானதுதானே, என்ன ஆகிடப் போகுது?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். இவற்றில் சில குழந்தைக்கு உண்மையிலேயே நல்லது. சில உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எது எந்தப் பக்கம்? பார்க்கலாம்.

முதல் 1000 நாட்கள் ஏன் முக்கியம்?

கர்ப்ப காலம் சுமார் 270 நாட்கள். அதோடு குழந்தையின் முதல் 2 ஆண்டுகள், அதாவது 730 நாட்கள். மூளை வளர்ச்சி, உயரம், நோய் எதிர்ப்புச் சக்தி என எல்லாவற்றுக்கும் அடித்தளம் விழுவது இந்த 1000 நாட்களில்தான். 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கும், 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது.

கர்ப்ப காலம்: கீரை மட்டும் போதுமா?

முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, பருப்பு, முட்டை எல்லாமே நல்ல உணவுதான். ஆனால் கர்ப்ப காலத்தில் தாயின் ரத்த அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுகிறது. அதற்கு வேண்டிய இரும்புச்சத்தை சாப்பாட்டில் இருந்து மட்டும் எடுப்பது கஷ்டம். அதனால்தான் 4வது மாதத்தில் இருந்து குறைந்தது 180 நாட்களுக்கு அரசு மருத்துவமனைகளில் மாத்திரை தரப்படுகிறது. அதில் 60 மில்லிகிராம் இரும்பும், 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கும்.

மாத்திரை போட்டதும் டீ, காபி குடித்தால் சத்து சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையையும் கூடவே போடக் கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடலில் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது சகஜம்.

குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா? பிறக்காது. தோலின் நிறத்தை முடிவு செய்வது பெற்றோரிடம் இருந்து வரும் மரபணுதான். அந்தக் காசில் முட்டையும் பழமும் வாங்கலாம்.

சேனை வைக்கலாமா?

கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலில் சுரக்கும் மஞ்சள் நிற சீம்பாலை 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டுபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்த பால் அதுதான். சில சொட்டுதான் வருகிறதே என்ற கவலையும் வேண்டாம். பச்சிளம் குழந்தையின் குட்டி வயிற்றுக்கு அது போதும்.

சேனையில் தேன் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உருவாக்கலாம். குழந்தை தளர்ந்துபோகும், பால் குடிக்க முடியாது, மூச்சே நின்றுபோகலாம். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. தெருவில் சங்கில் விற்கும் கழுதைப்பாலும் வேண்டாம். காய்ச்சாத பாலில் கிருமித்தொற்று வர வாய்ப்பு அதிகம்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான். சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் 85 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். மருத்துவர் எழுதித் தரும் மருந்து, சொட்டு மருந்துகளை மட்டும் கொடுக்கலாம்.

வசம்பு, மஞ்சள், எண்ணெய்: எது ஓகே?

வசம்பில் உள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் பாதுகாப்பானது இல்லை என்பதால், அமெரிக்காவில் 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். கைக்குழந்தைக்கு உரசி ஊட்டுவதைத் தவிர்ப்பதே நல்லது. பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்தாலே பெரும்பாலும் வயிற்று உப்புசம் குறைந்துவிடும்.

தொப்புளில் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்திருந்தால் தானாகவே காய்ந்து விழும். உடம்பில் எண்ணெய் தடவி மென்மையாகப் பிடித்துவிடுவதில் தப்பில்லை. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவே கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

6 மாதத்துக்குப் பிறகு என்ன கொடுக்கணும்?

பாட்டி வைத்தியம் கைகொடுக்கும் இடம் இதுதான். முளைகட்டிய கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், மசித்த கீரை, வாழைப்பழம் எல்லாமே அருமையான உணவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முளைகட்டினால் அதில் உள்ள சத்து உடலில் இன்னும் எளிதாகச் சேரும்.

தண்ணியாகக் கரைத்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதுதான் தப்பு. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத அளவுக்குக் கெட்டியாக இருக்கணும். 8 மாதம் வரை தினமும் 2-3 வேளை, அதற்குப் பிறகு 3-4 வேளை கொடுக்கலாம். நன்றாக வேகவைத்த முட்டையையும் 6 மாதத்துக்குப் பிறகு தொடங்கலாம். ஒரு வயது வரை சர்க்கரை, உப்பு சேர்க்க வேண்டாம். பசும்பாலை முக்கிய உணவாகவும் ஆக்கக் கூடாது. 2 வயது வரையிலும், அதற்குப் பிறகும் தாய்ப்பாலைத் தொடரலாம்.

வயிற்றுப்போக்கு வந்தால்?

'வயிற்றைக் காயப்போடு' என்பார்கள். அது தப்பு. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தவே கூடாது. ஓஆர்எஸ் கரைசலும், மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாட்கள் துத்தநாக மாத்திரையும் தர வேண்டும். 6 மாதம் தாண்டிய குழந்தைக்கு அரிசிக் கஞ்சியும் கொடுக்கலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

* குழந்தை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால்
* வேகமாக மூச்சு வாங்கினால், மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுத்தால்
* வலிப்பு வந்தால்
* பிறந்த 24 மணி நேரத்துக்குள் உடல் மஞ்சளானால்
* 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால்

இதில் ஒன்று இருந்தாலும் கை வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போகணும். அவசரத்துக்கு 108ஐ அழைக்கலாம். தடுப்பூசிக்கு மாற்றாக எந்தக் கஷாயமும் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.