ரீட்டாவின் மாத்திரையும் பிள்ளையின் பிரஷரும்

என் மகனுக்கு ஏடிஹெச்டிக்காக மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் கொடுப்பதற்கு முன், இங்கே புனேயில் டாக்டர் முதலில் பிரஷர்தான் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் ஊரிலிருந்து அம்மா போனில் பதறினாள். "எட்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்குடா பிரஷர் பாக்குறாங்க?"

நியாயமான கேள்விதான். பதில் தேடப் போய் ஒரு வரலாறே அகப்பட்டது.

ஆம்ஃபெட்டமைன் குழந்தைகளுக்காகப் பிறந்த மருந்தே அல்ல. கலிஃபோர்னியாவில் கார்டன் ஆலஸ் என்பவர், எஃபிட்ரினுக்கு மாற்று தேடிக்கொண்டிருந்தார். 1929-ல் அதைத் தனக்கே ஊசி போட்டுப் பார்த்தார். பிரஷர் ஏறியது, மனசும் உற்சாகமானது. பிறகு அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் டாக்டர் சார்லஸ் பிராட்லி, தலைவலிக்கு பென்செட்ரின் கொடுத்த பிள்ளைகள் படிப்பில் மாறுவதைக் கவனித்தார். 1937-ல் அவர் எழுதிய 30 பிள்ளைகளில் 14 பேரிடம் பெரிய முன்னேற்றம்.

1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசான் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். அவர் மனைவி ரீட்டாவுக்கு பிரஷர் குறைவு. டென்னிஸ் ஆடுமுன் இதைப் போட்டுக்கொள்வாராம். அவர் பேரில்தான் ரிட்டாலின்! ஆக, பிரஷர் ஏறுவது இந்த மருந்துகளோடு கூடப் பிறந்த குணம். கவனத்தைக் கூட்டும் அதே நார்அட்ரினலின்தான் ரத்தக் குழாயைச் சுருக்கி, இதயத்தையும் வேகப்படுத்துகிறது.

பயம் பெரிதானது 2005-ல். திடீர் மரணச் செய்திகளால் கனடா அட்டரால் எக்ஸ்ஆரை நிறுத்தி, சில மாதங்களில் மறுபடி அனுமதித்தது. 2006-ல் அமெரிக்க ஆலோசனைக் குழு ஒன்று, கடுமையான எச்சரிக்கை வேண்டுமென்று 8-க்கு 7 என வாக்களித்தது. அடுத்த மாதமே குழந்தை மருத்துவக் குழு அவ்வளவு வேண்டாம் என்றது. 2011-ல் சுமார் 12 லட்சம் சிறுவர், இளைஞர்களின் பதிவுகளை ஆராய்ந்ததில், மாரடைப்பு, பக்கவாதம், திடீர் மரணம் கூடியதாகத் தெரியவில்லை.

சராசரி ஏற்றம் 2 முதல் 4 புள்ளிதான். ஆனால் சராசரி என்பது எல்லாப் பிள்ளையும் அல்லவே! சிலருக்கு அதிகம் ஏறும். அதனால்தான் தொடங்குமுன்னும், அளவு மாற்றும்போதும் பார்க்கிறார்கள். குடும்பத்தில் இளவயது இதய மரணம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். பட்டை சிறுவர் அளவா என்றும் பாருங்கள். பெரியவர்கள் பட்டையில் அளவு குறைத்துக் காட்டும்.

இன்னொரு வேடிக்கை. பிரஷர் குறைக்க வந்த குளோனிடினுக்கு 2010-ல் அமெரிக்காவில் இதே ஏடிஹெச்டிக்கு அனுமதி கிடைத்தது. அதைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும்.

அம்மாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "வண்டி எடுக்குமுன் பிரேக் பார்ப்பதில்லையா, அது மாதிரிம்மா" என்றேன். இப்போது போன் செய்தால் முதல் கேள்வி, "புள்ளைக்கு பிரஷர் பாத்தியா?"