முள்ளோடை எல்லை

சிதம்பரத்திலிருந்து மோட்டார் ஏறி, வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகக் கடலூரை அடைந்து, பெண்ணையாற்றையும் தாண்டி வடக்கே செல்லும் பிரயாணி, முள்ளோடை என்னும் சிற்றூரில் தமிழ்நாட்டு சர்க்காரின் அதிகாரம் முடிந்து புதுவை சர்க்காரின் அதிகாரம் தொடங்குவதை நிலத்தின் தோற்றத்தைக் கொண்டு அறிந்துகொள்ள முடியாது. ஆறோ மலையோ அங்கே எல்லை வகுக்கவில்லை; இருபுறத்திலும் வயல் ஒன்றே, பேச்சும் ஒன்றே. எனினும் அந்த இடத்தைக் கடக்கும் வண்டிக்கு வரியும், அது சுமக்கும் பண்டத்துக்கு விதியும் மாறிவிடுகின்றன. இவ்விசித்திரத்தின் காரணத்தை மோட்டார்ச் சட்டப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. இப்பிரதேசத்தின் சரித்திரத்திலேதான் தேட வேண்டும்.

1690-ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்தியரிடமிருந்து, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமும் தங்களுக்கே சேரவேண்டும் என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அவ்வாறே நாற்புறமும் சுட்டு, குண்டு விழுந்த இடங்களை எல்லையாகக் கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றளவும் அந்நிகழ்ச்சியைத் தாங்கி நிற்கிறது. குடிகளின் சௌகரியத்தையோ, நீர்ப்பாசனத்தின் போக்கையோ எண்ணிப் பாராமல் எல்லை வகுக்கும் வழக்கம் இக்கரையில் இவ்வாறுதான் வேரூன்றியது.

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் எல்லை இதனினும் சிக்கலானது. பிரெஞ்சுக் கவர்னர் தூப்ளேயின் காலத்தில் வில்லியனூரும் பாகூரும் அவர்கள் கைக்கு வந்தன. 1761, 1778, 1793 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, மும்முறையும் சமாதான உடன்படிக்கைகளின்படி திருப்பிக் கொடுத்தார்கள். 1814-ஆம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கையோ, பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டலாகாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைத்தலாகாது என்றும் விதித்தது. முடிவில் புதுச்சேரிப் பக்கம் மிஞ்சிய பிரெஞ்சுப் பிரதேசம், தென்னார்க்காடு ஜில்லாவுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிறவர், வில்லியனூர் வரை புதுவை மண்ணிலும், கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டிலும், திருபுவனை, மதகடிப்பட்டில் மறுபடியும் புதுவையிலும், வளவனூரில் மீண்டும் தமிழ்நாட்டிலுமாகச் செல்வதை இன்றும் காணலாம். தெற்கே, சிதம்பரத்திலிருந்து சீர்காழி, தரங்கம்பாடி வழியே நாகப்பட்டினம் செல்பவரும் நண்டலாற்றைத் தாண்டியதும் காரைக்கால் பிரதேசத்துக்குள் புகுந்து புறப்பட்டே ஆகவேண்டும்.

இத்தகைய எல்லையைக் காவல் காப்பது எளிதன்று. அந்நிய நாட்டாரின் பிரதேசங்களிலிருந்து தரைவழியே வரும் சரக்குகளுக்கென்றே 1924-இல் தரைச் சுங்கச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1941-இல் இரு சர்க்கார்களும் சுங்கத்தில் ஒன்றுபட்டு அத்தொல்லையை நீக்கின. ஆயினும் 1949-இல் அவ்வொப்பந்தம் முடிவுற்று, சுங்கக் காவல் திரும்பவும் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு அமலாகியிருந்தது. கடலூரில் குற்றமாகிய ஒரு செயல் கூப்பிடு தூரத்தில் குற்றமாகாமல் போன அந்நிலையில், சோதனைச் சாவடிக்காரர் பெட்டியைத் திற, மூட்டையை அவிழ் என்று கேட்க, வண்டியில் வந்த குடும்பங்கள் வெயிலில் இறங்கி நிற்க நேர்ந்ததில் வியப்பில்லை.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய பிரெஞ்சுப் பிரதேசங்களின் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் சேர்வதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றமோ 1962 ஆகஸ்டு 16 வரையில் காத்திருந்தது. ஆங்கில இந்தியாவுக்கென எழுந்த 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிரெஞ்சு மண்ணைக் கட்டுப்படுத்தியதில்லை. இன்று நடப்பிலுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டமோ இரு பக்கத்துக்கும் பொது. ஆகவே கடலூரில் பெற்ற லைசென்ஸ் புதுவையிலும் செல்லும். வண்டியின் பதிவும் செல்லும். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது கலந்திருக்க வண்டி ஓட்டுவது எங்கும் குற்றமே.

வரி மட்டும் அவ்வாறு ஒன்றுபடவில்லை. 1931-இல் சென்னை மாகாணம் மோட்டார் வாகன வரிச் சட்டத்தை இயற்றி, உள்ளூர் போர்டுகளின் டோல்கேட்டுகளை எடுத்துவிட்டது முதல், அவ்வருவாய் மாகாண சர்க்காரின் உரிமையாயிற்று. இன்றும் அந்தந்த ராஜ்யமே தன் வரியை விதிக்கிறது. புதுவையில் வரி குறைவு என்பதால், வெளியூரில் ஓடும் விலையுயர்ந்த கார்களை அங்கே பதிவு செய்த விவகாரம் 2017-இல் கேரளத்தில் வழக்குகளாக வெடித்தது. ஒரு ராஜ்யத்தில் பதிவான வண்டியை மற்றொன்றில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் பெறவேண்டும் என்பது சட்டம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். சொந்த வண்டியில் சென்று அன்றே திரும்புவோருக்கு இக்கவலை இல்லை. டி போர்டு வண்டியை வாடகைக்கு அமர்த்துவோர், பர்மிட் உண்டா, புதுவைக்குரிய வரி கட்டியாயிற்றா என்று புறப்படுமுன் டிரைவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

திரும்புகையில் கடலூர் ஆல்பேட்டையில் சோதனைச் சாவடி உண்டு. அனுமதியின்றிப் புதுவை மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி இன்றும் குற்றம். கொண்டுவந்த புட்டிகளோடு வண்டியையும் பறிமுதல் செய்யப் போலீசாருக்கு அதிகாரம் உண்டு.